அந்த 26 நிமிடம் எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் பீளமேட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். புதிதாகத் திறந்த ஒரு கஃபேக்கு மனைவியோடு போயிருக்கிறார். ‘போர் ஓவர்’ காபி, அதாவது கூம்பில் காகிதம் வைத்துத் தூளைப் போட்டு மேலே வெந்நீர் ஊற்றி வடிக்கும் காபி, இரண்டு சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் குவளை மேசைக்கு வந்தபோது 26 நிமிடம் ஆகியிருந்ததாம், பில் 480 ரூபாயாம். பெயரைப் பார்த்துப் போர் முடிந்துவிட்டது என்று நினைத்தாராம், ஆனால் அன்றைக்கு முடிந்தது அவருடைய பொறுமைதானாம். வாய்விட்டுச் சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவளும் இந்தக் காபியைத்தான் விற்கிறாள். கடிதத்தின் கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். நம் ஊர் ஃபில்டர் காபி இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறதே, ஒரு காகிதத்தில் வெந்நீர் ஊற்றித் தருவதற்கு இத்தனை நேரமா? அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அவர் கோபம் நியாயமானது. ஒரு காபிக்காக 26 நிமிடம் ஒரு மனிதரை உட்கார வைப்பது மரியாதைக் குறைவான வேலை. ஆனால் திட்டு விழுந்த இடம்தான் தப்பு. பாவம், அந்தக் காகிதமும் கூம்பும் ஒன்றும் செய்யவில்லை.

நான் 31 வருடம் காபி மாஸ்டராக இருந்தவன். 1986ல் பொள்ளாச்சியில் ஒரு ஓட்டலில் டம்ளர் கழுவச் சேர்ந்தேன், அப்போது வயது 17. மூன்று வருடம் கழித்து பாய்லர் பக்கம் நிற்க விட்டார்கள். அதற்கப்புறம் கோயம்புத்தூரில் மூன்று ஓட்டல்கள். 2020ல் கொரோனாவில் கடைசியாக இருந்த ஓட்டலை மூடியதும் வீட்டுக்கு வந்தேன். ஸ்ட்ராங், லைட், மீடியம், சர்க்கரை கம்மி, வித்தவுட், அரை டம்ளர், பார்சல் என்று ஒரே நேரத்தில் எட்டுக் குரல் கேட்டாலும் எந்தக் குரலுக்கு எந்த டபரா என்று மாறாமல் கொடுத்திருக்கிறேன். அதனால் கூட்ட நேரத்துக் காபியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அந்த உரிமையில் ஓர் உண்மையைச் சொல்கிறேன். ஃபில்டர் காபி இரண்டு நிமிடத்தில் வருவதில்லை. காலை மூன்றே முக்காலுக்கு நான் பின்வாசல் வழியாக உள்ளே போவேன். பெரிய ஃபில்டரில் தூளைக் கொட்டி, மட்டமாகத் தட்டி, கொதிக்கிற தண்ணீரை மூன்று தடவையாக ஊற்றி மூடி வைப்பேன். அது சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஐந்து மணிக்கு ஷட்டர் தூக்கும்போது டிக்காஷன் தயார், பால் தயார், டம்ளர் சூடாகத் தயார். ஆறு மணிக்கு வருகிறவர் “ஒரு ஸ்ட்ராங்” என்றால் நான் செய்வது டிக்காஷன் ஊற்றி, பால் ஊற்றி, ஓர் ஆற்று ஆற்றுவது மட்டும்தான். இருபது நொடி வேலை. அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் காபி இறங்கிவிட்டது. உள்ளபடி பார்த்தால் போர் ஓவரைவிட ஃபில்டர் காபி பத்து மடங்கு மெதுவான காபி. அந்த மெதுவை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் நாங்கள் முடித்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

இனி மகள் கடைக்கு வருகிறேன். பொறியியல் படித்து, நல்ல சம்பளத்தில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுப் பெங்களூருவில் காபிப் பயிற்சி எடுத்து வந்தாள். ஆர்.எஸ்.புரத்தை ஒட்டிய ஒரு தெருவில் 2022ல் கடை போட்டாள். 22 நாற்காலி. என்னைக் கல்லாவில் உட்கார வைத்தாள். “அப்பா, நீங்க இத்தன வருசம் நின்னது போதும், உக்காந்து காசு மட்டும் வாங்கிப் போடுங்க” என்றாள். உட்கார்ந்தேன். இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது.

மூன்றாவது ஞாயிறு நடந்ததை இன்னும் மறக்கவில்லை. ரேஸ்கோர்ஸ் பக்கம் நடைப்பயிற்சி முடித்த ஒரு கூட்டம், எங்கிருந்தோ கேள்விப்பட்டு மொத்தமாக வந்து இறங்கியது. எட்டேகால் மணிக்குள் 11 போர் ஓவர் ஆர்டர். மகளிடம் இருந்தது கொக்குக் கழுத்து மாதிரி மூக்கு வைத்த ஒரு லிட்டர் மின்சார கெட்டில் ஒன்று, தராசு ஒன்று, வெள்ளைப் பீங்கான் கூம்பு ஒன்று. முதல் கப் அழகாகப் போட்டாள். இரண்டாவதும் போட்டாள். கெட்டிலில் தண்ணீர் தீர்ந்தது. மறுபடி நிரப்பிச் சுட வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானும் கல்லாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கவுண்டருக்கே வந்து, “ஏனுங்க அம்மணி, காப்பிக் கொட்டைய இனிமேத்தான் நட்டு வெக்கோணுமா?” என்று கேட்டார். கடையே சிரித்தது. ஐந்து பேர் குடிக்காமலே எழுந்து போனார்கள். அன்று மத்தியானம் மகள் சாப்பிடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, கூட்டமில்லை. ஒரு கப் போடச் சொல்லிவிட்டு, பழைய பில் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் நேரம் குறித்தேன். கெட்டில் சுட 4 நிமிடம் 10 நொடி. 1,200 வாட் கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் அதைவிடச் சீக்கிரம் கொதிக்காது, அது மின்சாரத்தின் கணக்கு, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 18 கிராம் வரும்வரை கொட்டையைக் கூட்டிக் குறைத்துத் தராசில் நிறுக்க 35 நொடி. அரைக்க 15. காகிதத்தின் ஓரத்தை மடித்துக் கூம்பில் வைத்து வெந்நீரில் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட 30. காபி இறங்க 3 நிமிடம். சக்கையைத் தட்டிக் கழுவி அடுத்ததற்குத் தயாராக 40 நொடி. ஆக 9 நிமிடம் 10 நொடி. இதில் காபிக்கென்று போனது 3 நிமிடம். அந்த மூன்றிலும் கெட்டில் கையில் சாய்ந்திருந்தது 50 நொடிதான்.

ஒரு கெட்டில் தண்ணீர் காகிதம் நனைப்பதையும் சேர்த்தால் இரண்டு கப்புக்குத்தான் வரும். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று அவள் செய்தபடி கூட்டினால் இரண்டு கப்புக்கு 14 நிமிடம். 11 பேருக்கு 80 நிமிடம். பீளமேட்டு வாசகருக்கு முன்னால் இன்னொரு ஜோடி மட்டும் உட்கார்ந்திருந்தால் போதும், 28 நிமிடம் ஆகிவிடும். அவருடைய 26 நிமிடம் எங்கே போனது என்பதற்கு விடை அந்தப் பில் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிறது. பெரும்பகுதி கெட்டில் சூடாவதற்கும், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று காத்திருந்ததற்கும் போயிருக்கிறது.

இங்கே ஒரு விஷயம். அந்த 3 நிமிடத்தைக் குறைக்கலாமா என்று எல்லாருக்கும் தோன்றும். எங்கள் கடைப் பையனுக்கும் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் அரைவை மிஷினை இரண்டு புள்ளி தள்ளிக் கொரகொரப்பாக வைத்துவிட்டான். தண்ணீர் கடகடவென்று இறங்கியது, ஒன்றே முக்கால் நிமிடத்தில் கப் தயார். குடித்துப் பார்த்தால் புளிப்பு முன்னால் நிற்கிறது, பின்னால் ஒன்றுமே இல்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. மூன்று கப் திரும்பி வந்தது. நைசாக அரைத்தால் நேர்மாறு, நாலரை நிமிடம் தேங்கி நின்று கசந்துபோகும். தண்ணீரும் தூளும் சேர்ந்து இருக்கவேண்டிய நேரம் இருந்தே தீரும். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு 40 நொடி ஊற விடுகிறோமே, அதுவும் வேடிக்கைக்காக இல்லை. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைந்திருக்கிறது. அது நுரைத்து வெளியே வந்தால்தான் அடுத்த தண்ணீர் தூளுக்குள் நுழையும். தூளை ஃபில்டரில் போட்டதும் முதலில் கொஞ்சம் வெந்நீர் தெளித்து ஊற விடு என்று எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டரும் சொன்னார். காரணம் அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

ஆகவே காபியின் 3 நிமிடத்தைத் தொடவில்லை. மீதி 6 நிமிடத்தைத்தான் பிடித்துக்கொண்டேன்.

முதல் வேலை தண்ணீர். சமையலறைச் சாமான் விற்கும் கடையில் பத்து லிட்டர் வெந்நீர் பாய்லர் ஒன்று வாங்கினேன். 96 டிகிரியில் நிறுத்தி வைத்தால் நாள் முழுக்க அப்படியே நிற்கும். கொக்கு மூக்குக் கெட்டிலுக்கு இனிமேல் சுடவைக்கும் வேலை இல்லை. பாய்லர் குழாயில் பிடித்து ஊற்றுவதற்கு மட்டும்தான் அது. 4 நிமிடம் 10 நொடி ஒரே நாளில் காணாமல் போனது. மகள், “இது நம்ம ஓட்டல் பாய்லர்தானேப்பா” என்றாள். ஆமாம், அதுதான்.

இரண்டாவது, நிறுவை. அஞ்சறைப் பெட்டிக் கிண்ணம் அளவில் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா 60 வாங்கினோம். காலையில் கடை திறக்கும் முன் ஒவ்வொன்றிலும் 18 கிராம் கொட்டை நிறுத்து மூடி வைத்துவிடுவோம். ஏற்காட்டுக் கொட்டைக்குச் சிவப்புப் புள்ளி, தாண்டிக்குடிக் கொட்டைக்குப் பச்சைப் புள்ளி. ஆர்டர் வந்தால் டப்பாவை மிஷினில் கவிழ்க்க வேண்டியதுதான். கொட்டையாகத்தான் வைக்கிறோம், அரைத்து வைப்பதில்லை. அரைத்த தூள் கால் மணி நேரத்திலேயே வாசனையை விட ஆரம்பித்துவிடும். ஓட்டலில் கிலோக் கணக்கில் அரைத்து வாங்கியவன் நான், இந்த வித்தியாசத்தை என் மூக்கு ஒப்புக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

மூன்றாவது, கூம்பு. பீங்கான் கூம்பு பார்க்க அழகு. ஆனால் அது குளிர்ந்திருந்தால் தண்ணீரின் சூட்டைக் குடித்துவிடும், ஒவ்வொரு தடவையும் வெந்நீர் விட்டுச் சூடேற்ற வேண்டும், கைதவறினால் 1,500 ரூபாய் போச்சு. அதே வடிவத்தில் பிளாஸ்டிக் கூம்பு கிடைக்கிறது, விலை அதில் பாதிகூட இல்லை, சூட்டையும் அதிகம் இழுக்காது. மகள் முகம் சுளித்தாள். பீங்கான் கூம்புகள் இப்போது அலமாரியில் அழகுக்கு இருக்கின்றன.

நான்காவதுதான் முக்கியம். தோசைக் கல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு தோசை வேக இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. தோசை மாஸ்டர் ஒன்றை ஊற்றிவிட்டு அது வேகும்வரை பார்த்துக்கொண்டா நிற்கிறார்? ஆறு வரிசையாக ஊற்றுகிறார். ஆறாவதை வட்டம் இழுக்கும்போது முதலாவதற்கு எண்ணெய் விடும் நேரம் வந்திருக்கும். தோசைக் கல் மெதுவானது என்று யாரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதில்லை. இதை மகளிடம் சொன்னபோது அவள் ஒரு நிமிடம் பேசவில்லை, பிறகு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணக்கு அவள் போட்டது, கல் என்னுடையது.

நாலு கூம்பு வைக்கிற மரச் சட்டம் ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்தோம். எங்கள் அளவு 18 கிராம் தூளுக்கு 280 மில்லி தண்ணீர். முதல் கூம்பில் 40 மில்லி விட்டு ஊற விட வேண்டும். இருபதாவது நொடியில் இரண்டாவது கூம்புக்கு அதே 40. நாற்பதாவது நொடியில் முதல் கூம்புக்குத் திரும்பி 160 வரை நிதானமாக ஊற்ற 20 நொடி. அது முடிந்ததும் இரண்டாவதற்கு 20 நொடி. மறுபடி முதலாவதற்கு 280 வரை, பிறகு இரண்டாவதற்கு. இரண்டு கப்புக்கும் ஊற்றி முடிக்கும்போது கடிகாரம் சரியாக 2 நிமிடம். அவை இரண்டும் வடிய இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் மூன்றாவது, நான்காவது கூம்பில் ஆரம்பித்துவிடலாம். ஊற்றுகிற கைக்கு நடுவில் பத்து நொடிக்கு மேல் சும்மா நிற்க நேரமில்லை. பக்கத்தில் இன்னொருவர் அரைத்துக் கொடுத்து, சக்கை தட்டி, புதுக் காகிதம் வைத்து நனைத்து, குவளையை மேசைக்கு எடுத்துப் போக வேண்டும். தாளில் போட்டால் மணிக்கு 60 கப் வரும். நடைமுறையில் சில்லறை, கைகழுவல், “அக்கா வைஃபை பாஸ்வேர்டு என்ன” எல்லாம் போக எங்களுக்கு 26, 28 வருகிறது. முன்பு ஒன்பதைத் தாண்டியதில்லை.

தராசைப் பற்றி ஒரு வார்த்தை. கிராம் பார்த்து ஊற்றுவதை முதலில் நான் கேலி செய்தேன், கை அளவு தெரியாதவனுக்குத்தான் தராசு என்று. ஒரு நாள் மகள் கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்க்க மூன்று கப் கொடுத்தாள், மூன்றும் நான் கை அளவில் போட்டதே. மூன்றும் மூன்று ருசி. அதோடு வாயை மூடிக்கொண்டேன். பாலும் சர்க்கரையும் சேர்த்தால் பத்து மில்லி முன்பின் இருந்தாலும் நாக்குக்குத் தெரியாது. வெறும் காபியில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கை பழகாத புதுப் பையன்களுக்காக அடியில் வால்வு வைத்த கூம்பும் இரண்டு வைத்திருக்கிறோம். மூடி வைத்து எல்லாத் தண்ணீரையும் ஒரே தடவை ஊற்றி, இரண்டு நிமிடம் ஊற விட்டு, வால்வைத் திறந்துவிட்டால் வடிந்துவிடும். ஊற்றும் லாவகம் தேவையில்லை. கூட்டத்தில் மூன்றாவது ஆளுக்கு அதுதான் கைகொடுக்கிறது.

இத்தனை செய்தும் ஞாயிறு காலை ஏழரை முதல் பத்து வரை சமாளிக்க முடியவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். 28 கப் போடுகிற இடத்தில் 45 ஆர்டர் வந்தால் தோசைக் கல் தத்துவமும் வேலைக்கு ஆகாது. அப்போதுதான் மகளிடம், மொத்தமாக இறக்கிவிடு என்றேன். ஒரு பெரிய சண்டை. “டிக்காஷன் போட்டு வெச்ச மாதிரி வெக்கச் சொல்றீங்களா?” என்றாள். அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் ஓட்டலில் காலை டிக்காஷனைச் சாயங்காலம் வரை வெந்நீரில் உட்கார வைத்துச் சுட வைத்துக்கொண்டே இருப்போம், கூட்டம் கூடினால் இரண்டாம் டிக்காஷனை அதன் தலையில் கலப்போம். அதை நானே பெருமையாக அவளுக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன்.

சண்டை முடிந்து ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பெரிய கூம்பில் 60 கிராம் தூளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சூடேற்றிய ஃபிளாஸ்கில் நேராக இறக்குவது. அடுப்பிலோ சூட்டுத் தட்டிலோ வைக்கக் கூடாது. இறக்கிய நேரத்தைச் சீட்டில் எழுதி ஃபிளாஸ்க் கழுத்தில் ஒட்ட வேண்டும். 40 நிமிடம் தாண்டினால் மிச்சத்தைத் தொட்டியில் கொட்ட வேண்டும், யார் கெஞ்சினாலும். விலை 90 ரூபாய், கையால் ஊற்றுவது 160. வாசலில் ஒரு பலகை: ஞாயிறு 7.30 முதல் 10 வரை ஃபிளாஸ்க் காபி மட்டும், உடனே கிடைக்கும். முதல் ஞாயிறு இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அந்த வேட்டிப் பெரியவர் ஃபிளாஸ்க் காபியை வாங்கி, ஒரு மடக்குக் குடித்து, “இப்பத்தான் கடைங்க” என்றார். அவர் இப்போது வாரா வாரம் வருகிறார். சர்க்கரை கேட்பார், கொடுக்கிறோம். அவர் காசு, அவர் நாக்கு.

நேரத்தைப் பற்றியே பேசுகிறேனே, தண்ணீரை விட்டுவிட்டேன். கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்கு அது வருகிற நாளில் ஏற்காட்டுக் கொட்டையில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசனை எழும்பும். வராத நாளில் லாரித் தண்ணீர். அதே கொட்டை, அதே கை, ஆனால் சுண்ணாம்பு உப்பு ஏறிய தண்ணீரில் அந்த வாசனை அமுங்கிப்போய்விடும். ஆர்.ஓ. மிஷின் வைத்தால் தீரும் என்று நினைத்தோம், அது உப்பை முழுக்க உருவி எடுத்துவிட்டது. வெறும் தண்ணீரில் காபி சப்பென்று இருக்கிறது. இப்போது ஆர்.ஓ. தண்ணீரில் சாதாத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, கரைந்த உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டு 120, 150 காட்டும்படி வைத்துக்கொள்கிறோம். பொள்ளாச்சியில் யாராவது என்னிடம் தண்ணீருக்கு மீட்டர் என்று சொல்லியிருந்தால் டபராவை எறிந்திருப்பேன்.

பீளமேட்டு வாசகர் இதை வெள்ளைக்காரன் விளையாட்டு என்று எழுதியிருந்தார். பாதி சரி. 1908ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண், காபியில் சக்கை மிதக்கிறதே என்று வெறுத்துப்போய், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டு, மகன் நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளை வெட்டி அதில் வைத்து வடிகட்டினார். அதற்குப் பதிவு உரிமையும் வாங்கினார். இன்று நாங்கள் வைக்கும் காகிதத்துக்கு அதுதான் பாட்டி. எங்கள் கூம்பு ஜப்பான் நாட்டு வடிவம், 60 டிகிரி சாய்வு, உள்ளே சுழன்று இறங்கும் வரிகள். ஆனால் ஓட்டை போட்ட பித்தளையில் தூளைப் போட்டு மேலே வெந்நீர் விட்டுக் கீழே சொட்டு பிடிப்பது நமக்கு அந்நியமா? என் அம்மா செய்தது அதுதானே. காகிதம் மட்டும் இல்லை.

கொட்டையோ முழுக்க நம் மலைக் கொட்டை. சேர்வராயன் மலை, கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, இந்தப் பக்கம் வால்பாறை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிக்கிற காலத்தில் மகளும் மருமகனும் போய்ப் பார்த்து வாங்கி வருகிறார்கள். தாண்டிக்குடிக் காபியை அதுவரை சிக்கரியோடு கலந்துதான் நான் குடித்திருக்கிறேன். தனியாகக் குடித்தபோது அதில் இத்தனை இனிப்பு இருப்பது தெரிந்து கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 31 வருடம் எதை மூடி வைத்திருந்தேன்! ஆனாலும் சிக்கரியைப் பழிக்க மாட்டேன். டிக்காஷனுக்கு உடம்பு கொடுப்பது அதுதான். பாக்கெட்டில் அது பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு வாடிக்கையாளர் பிடிவாதமாகச் சிக்கரித் தூளில் போர் ஓவர் கேட்டார். போட்டுப் பார்த்தோம். காகிதம் அடைத்துக்கொண்டு ஏழு நிமிடம் சொட்டியது. அவர் பொறுமையாகக் காத்திருந்து குடித்துவிட்டு, இனி கேட்கமாட்டேன் என்றார்.

விலைக்கு வருகிறேன். ஒரு கிலோ கொட்டையில் சேதாரம் போக 50 கப் வரும். காகிதம் ஒன்று எங்களுக்கு 7 ரூபாய் விழுகிறது. வாடகை, மின்சாரம், இரண்டு பேர் சம்பளம் எல்லாம் போட்டால் 160 ரூபாயில் எங்களுக்கு நிற்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை. 240 வாங்குகிறவர்களுக்கு அவர்கள் இடத்து வாடகை இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 240 வாங்கிக்கொண்டு இரண்டாவது கெட்டில் வாங்கவில்லை என்றால் குறை சொல்வேன். எத்தனை நிமிடம் ஆகும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லவும் காசு செலவில்லை. “இன்னும் 12 நிமிசம் ஆகுங்க, உக்காருறீங்களா, இல்ல ஃபிளாஸ்க்ல இருக்கறத தரட்டுங்களா?” என்று கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. நான் பார்த்தவரை ஜனங்கள் காத்திருப்பார்கள், தெரியாமல் காத்திருக்கத்தான் மாட்டார்கள்.

வருகிறவர்களுக்கும் இரண்டு விஷயம். நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து நாலு விதக் கொட்டை சொன்னால், ஒவ்வொன்றுக்கும் மிஷினில் பழைய தூளைத் தள்ளிவிட்டு அரைக்க வேண்டும், ஜோடிக் கணக்கு உடைந்துவிடும். கூட்ட நேரத்தில் இரண்டு விதத்தோடு நிறுத்தினால் உங்கள் காபியும் சீக்கிரம் வரும், பின்னால் நிற்பவர் காபியும் சீக்கிரம் வரும். இன்னொன்று, ஆவி பறக்கவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். நம் நாக்கு டபராக் காபியின் சூட்டுக்குப் பழகிவிட்டது. இது கொஞ்சம் ஆறினால்தான் வாயைத் திறக்கும். முதல் மடக்கைவிடக் கடைசி மடக்கு நன்றாக இருக்கும். நம்பாவிட்டால் ஒரு வாய் மிச்சம் வைத்துப் பத்து நிமிடம் கழித்துக் குடித்துப் பாருங்கள்.

என் பெயரையும் கடையின் பெயரையும் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். விளம்பரத்துக்கு எழுதினோம் என்று ஆகிவிடும் என்கிறாள் மகள். இன்னொரு காரணமும் உண்டு. நான் இன்றும் விடிகாலையில் வீட்டில் குடிப்பது பித்தளை ஃபில்டரில் இறங்கிய டிக்காஷன் காபிதான், அது எங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பீளமேட்டு வாசகர் அந்தக் கஃபேக்கு இன்னொரு முறை போவதாக இருந்தால், உட்காரும் முன் கவுண்டர் பக்கம் ஒரு பார்வை பார்க்கட்டும். நிறுத்து வைத்த டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றனவா, கூம்பு எத்தனை, வெந்நீர் பாய்லர் எங்கே என்று. ஒரே ஒரு கெட்டில் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றால், லெமன் ஜூஸ் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய காபி மாஸ்டர்,
கோயம்புத்தூர்.